கேஸ் கீசரிலிருந்து நெடி வந்தால்: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

வேலூர் வெயிலுக்குப் பேர்போன ஊர். வெந்நீர் வேண்டியிருப்பது கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடியும் வரைதான். அந்தக் கொஞ்ச நாளில்தான் பனிக்கும் கொசுவுக்கும் பயந்து பாத்ரூம் வென்டிலேட்டரை இறுக்கி மூடுகிறோம். கேஸ் கீசர் ஓயாமல் எரிவதும் அதே நாட்களில்தான். மீதி மாதமெல்லாம் சும்மா தொங்கிய மெஷினுக்குள் தூசி, சிலந்தி நூல், குளவிக்கூடு எல்லாம் சேர்ந்திருக்கும். சுத்தம் செய்யாத பர்னர், காற்றுப் புகாத அறை: நெடி என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் வந்து நிற்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூக்கில் ஏறுகிற நெடி ஒரு எச்சரிக்கை மட்டுமே. உயிருக்கு ஆபத்தானது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கேஸ் முழுசாக எரியாதபோது அது உருவாகிறது. மூச்சில் போய் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காலில் பலமில்லாமல் போவது என்று ஆரம்பித்து, தாழ்ப்பாளைத் திறக்கக்கூட முடியாமல் ஆள் சரிந்துவிடுவார். ஆகவே "நெடி போய்விட்டது, இனி பயமில்லை" என்ற முடிவுக்கு வராதீர்கள். நெடிக்கான காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை அந்த கீசரைக் கதவை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது.

உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால்

கதவைத் திறங்கள், இல்லையென்றால் உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு போய் ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். தண்ணீர் தெளிப்பது, பெயர் சொல்லி எழுப்புவது எல்லாம் பாத்ரூமுக்கு வெளியே வந்த பிறகு. இன்னொருவர் வெந்நீர்க் குழாயை மூடி, சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருப்பி நிறுத்தட்டும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமே "கேஸ் கீசர் எரியும் பாத்ரூமில் விழுந்தார்" என்று இருக்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் வலிப்பு என்றோ, பிரஷர் இறங்கிவிட்டது என்றோ சிகிச்சை வேறு பக்கம் போகக்கூடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷயத்தில் ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் உள்ளதாகவே கணக்கிட்டு, 98, 99 என்று காட்டும். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணக் காற்றை மட்டும் சுவாசித்தால் அந்த விஷம் பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். அதனால் "எழுந்து உட்கார்ந்துவிட்டாரே" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த மாதிரி நெடி?

அழுகிய முட்டைக்கோஸ் வாடை வந்தால் அது எரியாத சமையல் கேஸ். கேஸுக்கு இயல்பாக வாசனை இல்லாததால், கசிவு தெரிவதற்காக மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். கீசர் அணைந்திருக்கும்போதும் இந்த வாடை இருந்தால் கசிவு நிச்சயம். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு போன் செய்யுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தேங்கும், சாக்கடைக் குழிக்குள்ளும் இறங்கும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, வாசல் கதவையும் திறக்க வேண்டும்.

குழாயைத் திறந்த ஓரிரு நொடிக்கு மட்டும் அந்த வாடை வந்து, கூடவே "டப்" என்று சத்தமும் கேட்டால் கசிவைத் தேடுவதற்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் 1.5 வோல்ட் பெரிய டார்ச் பேட்டரி இரண்டு இருக்கும். அவை சோர்ந்துவிட்டால் தீப்பொறி தாமதமாக விழும். அதற்குள் கொஞ்சம் கேஸ் வெளியே வந்து, சேர்ந்து நின்று, மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள், அல்கலைன் வகையாக வாங்குங்கள். தண்ணீர் அழுத்தம் குறைந்தாலும் இதே கதைதான். தண்ணீர் வேகம் ஏறி இறங்கும்போதெல்லாம் தீ அணைந்து அணைந்து எரியும், ஒவ்வொரு முறையும் ஒரு மடக்கு கேஸ் வெளியே வரும். மாடி டேங்க் கீசருக்கு மேல் 2, 3 மீட்டர் உயரத்திலாவது இல்லாவிட்டால் சிறிய பிரஷர் பம்ப் வைக்காமல் தீராது.

சிலிண்டர் தீரும் தறுவாயிலும் வாடை தூக்கலாக இருக்கும். சிலிண்டர் மாற்றியதும் போய்விட்டால் காரணம் அதுதான்.

கண் எரிந்து தொண்டையைப் பிடிக்கிற காரமான நெடி வேறு. இது முழுசாக எரியாத தீயின் அடையாளம். இதோடு கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கீசரின் மேல் வாயில், சுவரில், கூரையில் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் உள் ஒயர் பர்னர் பக்கம் சாய்ந்திருக்கும், அல்லது வெப்பம் மேலே போக வழியில்லாமல் பின்னால் திரும்பியிருக்கும். உடனே நிறுத்த வேண்டும். புது மெஷினில் முதல் இரண்டு மூன்று முறை எண்ணெய் தீய்வது போல வருவது பூச்சு காய்வதால். கதவைத் திறந்துவைத்து ஓட்டினால் அடங்கிவிடும்.

கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு வாடைகளும் உண்டு. சூடான தண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் என்றால் அது போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. டேங்கைக் கழுவி, தண்ணீரைக் காற்றில் தெறிக்கவிட்டு ஏற்றினால் குறையும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டவுடன் சாக்கடை நாற்றம் வந்தால் தரையில் தண்ணீர் வடியும் வாயான நாணி டிராப் வறண்டிருக்கிறது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

தீயைப் பாருங்கள்

அந்தி சாய்ந்த பிறகு, பாத்ரூம் கதவையும் வென்டிலேட்டரையும் திறந்துவைத்து, லைட்டை அணைத்துவிட்டு கீசரை ஓட்டுங்கள். முன்பக்கம் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியே தீ தெரியும். சரியான தீ வரிசையாக, ஒரே உயரத்தில், சீப்புப் பற்கள் போல நிற்கும். அடியில் கூர்மையான வெளிர்நீலக் கூம்பு, அதற்கு மேல் மங்கலான நீலம். "உஸ்" என்ற சத்தம் ஒரே சீராக வரும்.

நுனி மஞ்சளாகி, நாக்கு நாக்காக ஆடி, மேலே இருக்கும் செம்புத் தகடுகளை நக்கினால் காற்று போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தால் அந்தப் பக்கத்து பர்னர் குழலில் அடைப்பு. எல்லாமே மஞ்சள் என்றால் கேஸ் அழுத்தம் அதிகம், அல்லது மேலே செம்புத் தகடுகளுக்கிடையே கரி அடைத்திருக்கிறது, அல்லது அறையில் காற்றே இல்லை. கதவைத் திறந்ததும் மஞ்சள் நீலமாக மாறினால் கடைசிக் காரணம்தான். அங்கங்கே ஆரஞ்சுப் பொறி பறப்பது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். உப்புத் தூசி தீயில் விழுந்தால் அந்த நிறம் வரும்.

சுத்தம் செய்யும் முறை

வருஷத்துக்கு ஒருமுறை, கார்த்திகை பிறக்கும் முன்னால் செய்துவிட வேண்டும். தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு வீட்டில் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். மாதக்கணக்கில் எரியாத மெஷினை அன்றைக்கு முதல் முறையாகப் பற்றவைப்பது மிகத் தவறான நேரம். ஐப்பசி முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால் நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத மெஷினை கம்பெனி ஆளிடம் விட்டுவிடுங்கள். கைப்பழக்கம் இல்லாதவர்களும் அப்படியே.

ரெகுலேட்டரை நிறுத்தி, கீசருக்கு வரும் தண்ணீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து மிச்ச நீரை வடியவிடுங்கள். பேட்டரிகளைக் கழற்றுங்கள். முன்பக்கக் குமிழ்களை நேராக இழுத்தால் வந்துவிடும். பிறகு மேலும் கீழும் இருக்கும் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கலாம். ஒயர்களைத் தொடுவதற்கு முன் நாலு கோணத்தில் போட்டோ எடுத்துவையுங்கள். தீப்பொறி ஒயரையும் தீயை உணரும் ஒயரையும் மாற்றி மாட்டிவிடுவதுதான் வீட்டு ரிப்பேரில் அடிக்கடி நடக்கும் தவறு.

பர்னரைத் திருகு நீக்கி வெளியே எடுங்கள். அதன் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு திறந்த வாய் இருக்கும். கேஸ் அதற்குள் பீய்ச்சும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போவது அந்த வாய் வழியாகத்தான். குளவி மண் வைத்துக் கூடு கட்டுவதும், சிலந்தி நூல் சுற்றுவதும் அங்கேயேதான். ஒரு குழலில் நூல் படலம் போட்டாலே அந்தக் குழலின் தீ மஞ்சளாகிவிடும். சுவரில் மாட்டியிருக்கும்போது கீழிருந்து டார்ச் அடித்தாலும் இது கண்ணில் படாது. கழற்றிக் கையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால்தான் தெரியும். மெல்லிய பாட்டில் பிரஷை விட்டுத் தேய்த்து, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். மேல் துளைகளைப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும்.

பர்னர் வாய்களுக்கு எதிரே வரிசையாக இருக்கும், கேஸைப் பீய்ச்சும் பித்தளை ஜெட்டுகளில் ஊசி, கம்பி எதையும் விடாதீர்கள். மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத அந்தத் துளை கொஞ்சம் அகன்றாலும் கேஸ் கூடுதலாகப் பாயும், அதற்குத் தேவையான காற்று கிடைக்காது. சரியாக இருந்த மெஷினைக் கரி கக்க வைக்கும் வேலை அது. ஊதிப் பார்த்தும் திறக்காத ஜெட்டை மாற்றத்தான் வேண்டும்.

மேலே இருப்பது தண்ணீரைச் சூடாக்கும் செம்பு வெப்பமாற்றி. தகடுகளுக்கிடையே கரி இருந்தால் மென்மையான பெயின்ட் பிரஷால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். கெட்டியாகப் படிந்திருந்தால் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் அடித்து, முழுக்க உலர்த்த வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், தகடு மடங்கிவிடும். மடங்கிய இடத்தில் புகை மேலே ஏறாமல் முகத்துக்கு நேரே திரும்பும். திரும்ப மாட்டும்போது தண்ணீர் இணைப்பின் ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடுங்கள்.

பாலாற்றுப் படுகையில் போர் தண்ணீர் உப்பு என்பது வாலாஜா முதல் வாணியம்பாடி வரை எல்லா வீட்டுக்கும் தெரியும். வெப்பமாற்றிக்குள் சுண்ணாம்பு படிந்தால் கெட்டில் கொதிப்பது போல "குளுகுளு" சத்தம் வரும். சூடு தண்ணீருக்குப் போகாது, "சூடு பத்தவில்லை" என்று கேஸ் குமிழைக் கூட்டுவார்கள், தீ தகட்டை நக்கும், கரி படியும். தண்ணீர்க் கோளாறு இப்படித்தான் புகைக் கோளாறாக மாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, கழற்றிய வெப்பமாற்றிக் குழாய்க்குள் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். நுரை அடங்கியதும் கொட்டி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் செம்பையே தின்றுவிடும்.

எல்லாம் மாட்டியபின் கசிவுச் சோதனை. சோப்புத் தண்ணீரைப் பிரஷால் ரெகுலேட்டர், ஓஸின் இரண்டு முனை, கீசரின் கேஸ் நட் எல்லாவற்றிலும் தடவி, ரெகுலேட்டரைத் திறந்து ஒரு நிமிடம் பாருங்கள். குமிழி ஊதினால் அங்கே கசிவு. தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓஸ் ஆரஞ்சு நிற சுரக்ஷா வகையாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். மேலே அச்சிட்ட தேதியைப் பாருங்கள், 5 வருஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

ரெகுலேட்டர் பொருத்தமானதா?

வீட்டுக் கீசர் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தது. 14.2 கிலோ சிலிண்டரோடு வரும் சாதாரண ரெகுலேட்டர் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவில்தான் கேஸ் விடும். லாட்ஜ்களிலும், வெளியூர் நோயாளிகளுக்கு மாதக் கணக்கில் விடும் அறைகளிலும் 19 கிலோ வணிக சிலிண்டருக்கு ஹை பிரஷர் ரெகுலேட்டரைப் போட்டு, அதிலிருந்தே கீசருக்கும் இழுத்துவிடுகிறார்கள். அப்படி ஓட்டினால் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் மறுநாளே கரி வரும். குழாய் வழி இயற்கை எரிவாயு இணைப்புக்கு மாறும் வீடுகளும் கவனிக்க வேண்டும். அதற்கும் சிலிண்டர் கேஸுக்கும் ஜெட் அளவு வேறு. இயற்கை எரிவாயு ஜெட் உள்ள மெஷினை சிலிண்டரில் மாட்டினால் தேவைக்கு மேல் கேஸ் பாயும்.

ஏலகிரியில் வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. குளிரென்று ஜன்னலும் எப்போதும் மூடியே இருக்கும். கீழே ஜோலார்பேட்டையில் நீலமாக எரிந்த மெஷின் மேலே மஞ்சளாக எரியலாம். மெஷின் எத்தனை மீட்டர் உயரம் வரை பொருந்தும் என்று கையேட்டில் பார்த்து வாங்குங்கள்.

காற்றுக் கணக்கு

நிமிடத்துக்கு 6 லிட்டர் சூடாக்கும் கீசர் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 900 கிராம் கேஸை எரிக்கும். சமையல் அடுப்பின் பெரிய பர்னரைப் போல நாலைந்து மடங்கு. பத்து நிமிடத்துக்கு 150 கிராம். அதை முழுசாக எரிக்க ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடிக்கு 6 அடி, 8 அடி உயரமுள்ள பாத்ரூமில் இருப்பதே 7 கன மீட்டருக்குள்தான். ஆக, ஒருவர் பத்து நிமிடம் ஷவரில் நின்றால் அறையின் ஆக்சிஜனில் கால் பங்குக்கு மேல் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே, காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 18, 19-க்கு இறங்கும்போதே தீ கெட்டுப்போய் கார்பன் மோனாக்சைடு வேகமாகக் கூடத் தொடங்கும். எவ்வளவு சுத்தமான பர்னராக இருந்தாலும், எந்த கம்பெனி மெஷினாக இருந்தாலும் இதுதான் நடக்கும். கேஸ் கீசருக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 15558 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவது அவசியம்தான். ஆனால் முத்திரை அறைக்குள் காற்றைக் கொண்டுவராது.

ஆகவே கீசரை பாத்ரூமுக்கு வெளியே மாட்டுங்கள். பால்கனி, பின்கட்டு, துணி துவைக்கும் இடம், எது திறந்தவெளியாக இருக்கிறதோ அது. "குழாயில் வரும்போதே ஆறிவிடுமே" என்பார்கள். அரை அங்குலக் குழாயில் மீட்டருக்கு 130 மில்லி தண்ணீர்தான் நிற்கும். 4 மீட்டர் குழாயில் அரை லிட்டர். முதல் ஐந்து நொடி குளிர்ந்த நீர் வரும், அவ்வளவுதான். வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போட்டு, மேலே கறுப்பு நுரை உறை சுற்றிவிடுங்கள். கீசரிலிருந்து முதல் ஒரு அடி மட்டும் உலோகப் பின்னல் ஓஸாக இருக்கட்டும். ஐப்பசி மழைச் சாரல் அடிக்காத சுவராகப் பார்த்து, தீ தெரியும் கண்ணாடி உங்கள் கண் உயரத்துக்கு வரும்படி மாட்டுங்கள். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வேண்டாம்.

வேலூர் பழைய தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி இருக்கும். நடுவில் ஒரு குறுகலான சந்துக்குழியில்தான் எல்லா வீட்டு வென்டிலேட்டரும் திறக்கும். அந்தக் குழியில் கீசரை மாட்டினால் புகை மேல்வீட்டு பாத்ரூமுக்குப் போகும். பக்கத்து வீட்டாரின் உயிரும் இதில் இருக்கிறது. மேலே வானம் தெரியாத, கையை நீட்டினால் எதிர்ச்சுவர் தொடும் இடத்தில் மாட்டாதீர்கள்.

வெளியே மாட்டவே வழியில்லை என்றால், வாடகை வீடு என்றால், பக்கெட் முறைதான் பத்திரம். கதவைத் திறந்துவைத்து கீசரைப் போடுங்கள். 20 லிட்டர் பக்கெட் மூன்றரை நிமிடத்தில் நிரம்பும். கீசரையும் ரெகுலேட்டரையும் நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் காற்றாடட்டும். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக் குளிக்கலாம். அடுத்தவருக்கும் இதே வரிசை. குழந்தையைக் குளிப்பாட்டும்போதும், கர்ப்பிணிகள் குளிக்கும்போதும் இதில் விதிவிலக்கே கூடாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் உதவும், ஆனால் உள்ளே வரும் காற்றுக்கும் வழி வேண்டும். கதவின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு மூட முடியாத ஜாலி வையுங்கள். மேலே வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகளை எடுத்துவிட்டுக் கொசுவலை மட்டும் அடியுங்கள். கீசருக்குப் புகைக்குழாய் வைத்திருந்தால் அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டாதீர்கள். ஃபேன் இழுக்கும் இழுப்பில், குழாய் வழியே மேலே போக வேண்டிய புகை திரும்பி உள்ளேயே இறங்கும்.

அலாரம்

சந்தையில் கிடைக்கும் கேஸ் லீக் அலாரம் சமையல் கேஸை மட்டும் உணரும், கார்பன் மோனாக்சைடை உணராது. இரண்டும் தனித்தனிக் கருவி. கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கும்போது எலக்ட்ரோகெமிக்கல் சென்சாரா, ஈ.என். 50291 என்ற ஐரோப்பியத் தரம் பெற்றதா என்று பாருங்கள். அந்தத் தரப்படி 50 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு) அளவில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், 100-ல் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300-ல் 3 நிமிடத்துக்குள்ளும் கத்த வேண்டும். பாத்ரூம் ஈரத்தில் சென்சார் கெட்டுவிடும். அதனால் கதவுக்கு வெளியே, தலை உயரத்தில், கதவிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் மாட்டுங்கள். லீக் அலாரத்தை மட்டும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா பாருங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு. பின்பக்கம் அச்சிட்ட தேதி தாண்டிவிட்டால், சத்தம் நன்றாகவே வந்தாலும் புதிது வாங்கி மாட்ட வேண்டும். அந்தப் பொத்தான் பேட்டரியையும் ஒலிப்பானையும் சோதிக்குமே தவிர, சென்சாரைச் சோதிக்காது.